பதினெட்டு முப்பதில் தொலைந்த பிறந்தநாள்

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை இருக்கும். முதியவர்களுக்கு மருத்துவ முகாம் நடத்தும் ஓர் அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. அவர்களுடைய உறுப்பினர் பதிவு மென்பொருளை நானும் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தோம். பிறந்தநாள் அன்று காலை எட்டு மணிக்கு வாழ்த்துக் குறுஞ்செய்தி போகும் வசதியை அந்த வாரம்தான் திறந்துவிட்டிருந்தோம்.

“சார், ஒரு பெரியவர் கூப்பிட்டுச் சத்தம் போடுறார். அவருக்கு நாளைக்குத்தான் பிறந்தநாளாம். ‘நாளை வரைக்கும் தாங்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா’ன்னு கேக்குறார்.”

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு வாழ்த்துப் போனவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரையில் திறந்து பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோருக்கும் பிறந்த தேதி மார்ச் 15 என்றே இருந்தது. திரை சரி, செய்தி தப்பு. பதிவு தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. ஒருவர்கூட ‘தேதி தவறு’ என்று சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பும் இல்லை, ஏனென்றால் எல்லோரும் பார்த்தது திரையைத்தான்.

டேட்டாபேஸுக்குள் போனேன். போஸ்ட்கிரெஸ். சத்தம் போட்ட பெரியவரின் பிறந்த தேதி ஃபீல்டில் இருந்தது இது:

1956-03-14 18:30:00

இந்தியாவில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு 18:30 பழகிய முகம். நள்ளிரவிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் முந்தைய நாள் மாலை ஆறரை. தேதி ஒன்றின் பக்கத்தில் 18:30:00 ஒட்டிக்கொண்டிருந்தால், இந்திய நள்ளிரவை யாரோ யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றியிருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். யார் மாற்றியது, வழியில் எத்தனை பேர் கைவைத்தார்கள் என்பதைத்தான் தேட வேண்டும்.

பதிவுப் படிவம் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதியது. காலண்டரில் ஒரு நாளைத் தொட்டால் ஜாவாஸ்கிரிப்டின் டேட் ஆப்ஜெக்ட் ஒன்று கிடைக்கும்: 1956 மார்ச் 15, உள்ளூர் நேரம் 00:00. சேமிக்கும்போது, தகவலை ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றும் ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை அந்த ஆப்ஜெக்டின் டுஜேசன் மெத்தடைக் கூப்பிடும். அது டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்கைக் கூப்பிடும். அது எப்போதும் யுடிசியில்தான் எழுதும். பிரவுசரின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். போய்க்கொண்டிருந்தது: 1956-03-14, அடுத்து டி என்ற எழுத்து, அடுத்து 18:30:00.000, கடைசியில் இசட். அந்த இசட்தான் ‘இது யுடிசி’ என்று சொல்கிற அடையாளம்.

இதுவரை யாரும் பொய் சொல்லவில்லை. 1956 மார்ச் 15 இந்திய நள்ளிரவும், 1956 மார்ச் 14 யுடிசி 18:30ம் ஒரே கணம்தான். சர்வரில் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பு. அதில் பிறந்த தேதி ஜாவாவின் பழைய டேட் வகையில் இருந்தது. ஜேசனைப் படித்து எழுதும் ஜாக்சன் என்ற லைப்ரரி அந்த ஸ்ட்ரிங்கைச் சரியாகப் படித்து அதே கணத்தை உள்ளே வைத்தது. டேட்டாபேஸ் ஃபீல்டு, நேர மண்டலம் இல்லாத டைம்ஸ்டாம்ப் வகை. அதில் எழுதும்போது டிரைவர் பயன்படுத்துவது ஜாவா ஓடுகிற மெஷினின் நேர மண்டலத்தை. என் லேப்டாப்பில் அது இந்திய நேரம். ஆகவே 1956-03-15 00:00:00 என்று எழுதும். கிளவுட் சர்வரில் அது யுடிசி. அங்கே 1956-03-14 18:30:00. திரும்பி வரும்போது அதே வழியில் பின்னோக்கி நடந்து, பிரவுசரில் மறுபடி மார்ச் 15 ஆகிவிடும்.

அதாவது போகும்போது ஒரு முறை திருகி, வரும்போது அதே அளவு திருகைப் பிரித்துவிடுகிறது. நடுவில் எட்டிப் பார்க்க ஆள் இல்லாதவரை எல்லாம் சுகம். குறுஞ்செய்தி ஸ்கிரிப்ட்தான் முதன்முதலில் நடுவில் எட்டிப் பார்த்தது. பைத்தானில் எழுதியது, டேட்டாபேஸை நேரே படிக்கிறது, மாதத்தையும் நாளையும் மட்டும் ஒப்பிடுகிறது. லேப்டாப்பில் சோதித்தபோது சரியாகத்தான் ஓடியது. “அண்ணே, என் மெஷின்ல வருதே” என்று தம்பி சொன்னது முழு உண்மை.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரு சின்னக் காரணம்: ஜேசனில் தேதி என்றொரு வகையே கிடையாது. ஆப்ஜெக்ட், அரே, ஸ்ட்ரிங், எண், உண்மை-பொய், நல். அவ்வளவுதான். 2017ல் வந்த ஜேசன் தர ஆவணமான ஆர்எஃப்சி 8259லும் இதே ஆறுதான். தேதியை எழுத வேண்டும் என்றால் ஸ்ட்ரிங்காகவோ எண்ணாகவோதான் எழுத வேண்டும். எது, எப்படி என்பதை ஒவ்வொரு லைப்ரரியும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. அதே 1956 மார்ச் 15ஐ, ஸ்பிரிங் தலையிடாத ஜாக்சன் 2-இடம் கொடுத்தால் -435475800000 என்று எழுதும். 1970 ஜனவரி 1லிருந்து எத்தனை மில்லிநொடி என்ற கணக்கு. அதற்கு முன் பிறந்தவர் என்பதால் கழித்தல் குறி. எங்கள் உறுப்பினர்கள் பெரும்பாலானோர் எழுபது வயதைத் தொட்டவர்கள். அவர்கள் எல்லோருக்குமே மைனஸ்தான். பைத்தானின் ஜேசன் மாட்யூலிடம் கொடுத்தால் ‘டேட்டைம் வகையை என்னால் எழுத முடியாது’ என்று டைப்எரர் போட்டு நின்றுவிடும். எனக்கு அந்தக் குணம் பிடிக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற லைப்ரரியோடு மல்லுக்கட்டலாம், தெரிந்த மாதிரி தலையாட்டுகிறதோடுதான் கஷ்டம்.

சரி, அன்றைய கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை எட்டு மணிக்குள் எதையாவது செய்தாக வேண்டும். ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன்: படித்த நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டு. அசிங்கமான வைத்தியம் என்று தெரியும். ஓட்டிப் பார்த்தேன். பெரியவர் மார்ச் 15க்கு வந்துவிட்டார். சரிபார்க்க, கூட்டிய பிறகு நேரப் பகுதி 00:00 ஆக வராத பதிவுகள் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வினவல் போட்டேன். ஒன்றும் வராது என்ற நம்பிக்கையில்தான் போட்டேன்.

வந்தன. ஏதேதோ நேரங்கள். லேப்டாப்பிலிருந்து ஏற்றிய பழைய பட்டியலில் இருந்தவர்கள் 05:30 என்று நின்றார்கள். அது எதிர்பார்த்ததுதான், அவை ஏற்கெனவே 00:00 ஆக இருந்தவை. ஆனால் மூன்று பேருக்கு மட்டும் இரவு 23:00. அதுவும் முந்தைய நாள் இரவு. ஒருவருக்கு டேட்டாபேஸில் இருந்தது 1943-07-11 17:30:00. ஐந்தரை கூட்டினால் 11ஆம் தேதி இரவு பதினொன்று. திரையிலோ தெளிவாக ஜூலை 12.

மூன்று பேரும் இந்தியாவிலேயே பதிவு செய்தவர்கள், ஒரே அலுவலகக் கணினியில். பின்னே ஏன் ஒரு மணி நேரம் குறைகிறது? பிரவுசர் பதிப்பு, காலண்டர் காம்பொனென்ட், அலுவலகக் கணினியின் கடிகாரம் என்று அரை நாள் வீணாகப் போனது. மதியம் டீ குடிக்கும்போது தம்பிதான் கேட்டார்: “அண்ணே, மூணு பேருமே 1943, 44ல பொறந்தவங்க. அதுல ஏதாவது இருக்குமா?”

இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். 1941 அக்டோபரில் தொடங்கி, நடுவே சில மாதம் விட்டு, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்திய நேரம் +05:30 அல்ல, +06:30. பிரவுசர், ஜாவா, பைத்தான், போஸ்ட்கிரெஸ் எல்லாம் நம்பியிருக்கிற ஐயானா நேர மண்டலத் தரவுத்தளத்தில் ஏசியா/கொல்கத்தா என்ற பதிவில் இது வரி வரியாக இருக்கிறது. ‘1943 ஜூலை 12, இந்திய நள்ளிரவு’ என்று கேட்டால் பிரவுசர் நேர்மையாக ஆறரை மணி நேரத்தைக் கழித்துக் கொடுக்கிறது. நான்தான் இந்தியா என்றாலே 5:30 என்று மண்டையில் எழுதி வைத்திருந்தேன். அதே பதிவில் 1906க்கு முன்னால் +05:21:10 என்று ஒரு வரி, மதராஸ் நேரம். நல்ல வேளையாக அந்தக் காலத்து உறுப்பினர் யாரும் எங்களிடம் இல்லை.

அன்று மாலையே ஒன்று தெளிவாகிவிட்டது. நேரத்தைக் கூட்டிக் கழித்து இதைச் சரி செய்யப் பார்ப்பதே தவறான பாதை. பிறந்த தேதி ஒரு கணமே அல்ல. அது காலண்டர் தாளில் ஒரு கட்டம். அதற்கு மணி கிடையாது, மண்டலம் கிடையாது. சென்னையில் பிறந்தவர் சிகாகோ போனாலும் அவர் பிறந்த தேதி நகராது. அதைக் கணமாக மாற்றிய அந்த முதல் படியிலேயே தவறு முடிந்துவிட்டது. மீதியெல்லாம் அந்தத் தவறை லைப்ரரிகள் விசுவாசமாகச் சுமந்து போனதுதான்.

(ஒரு நாள் தவறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு: மத்திய அரசுப் பணியில் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆனால் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் என்றால் முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு. ஜூலை 2 என்பது ஜூலை 1 ஆனால் ஒரு மாதச் சம்பளம் போச்சு.)

அடுத்த வாரம் முழுக்கத் திருத்தும் வேலை. ஜாவாவில் பிறந்த தேதியை, மணியும் மண்டலமும் இல்லாத லோக்கல்டேட் வகைக்கு மாற்றினேன். டேட்டாபேஸில் ஃபீல்டை டேட் வகைக்கு. ஜேசனில் போவதும் வருவதும் 1956-03-15 என்ற பத்து எழுத்து ஸ்ட்ரிங் மட்டும். ஸ்பிரிங் தயாரித்துத் தரும் ஆப்ஜெக்ட்மேப்பர் (ஜாக்சனில் மாற்றும் வேலையைச் செய்யும் பகுதி) இதை ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது. ஆனால் குறுஞ்செய்தி வரிசைக்குச் செய்தி அனுப்பும் இடத்தில், என்றைக்கோ அவசரத்தில், கையால் ஒரு புது ஆப்ஜெக்ட்மேப்பரை உருவாக்கி வைத்திருந்தேன். அது உடனே படுத்துவிட்டது: ‘ஜாவா 8 தேதி வகைக்கு இயல்பாக ஆதரவு இல்லை, இந்த மாட்யூலைச் சேர்’ என்று பிழைச் செய்தியிலேயே மருந்துச் சீட்டும் இருந்தது. ஜாக்சன் 2.12 முதல் இந்த நல்ல பழக்கம். அதற்கு முன்னால் என்றால் லோக்கல்டேட்டின் வயிற்றைக் கிழித்து ஆண்டு, மாதத்தின் பெயர், கிழமை, லீப் ஆண்டா இல்லையா என்று எல்லாவற்றையும் ஜேசனில் கொட்டிவிடும்.

அது சொன்ன ஜேஎஸ்ஆர்310 மாட்யூலைச் சேர்த்தேன். பிழை போனது. வந்த ஜேசனைப் பார்த்தால்:

[1956,3,15]

தேதி அரே, அதாவது எண்களின் வரிசை, ஆகிவிட்டது. காரணம், ரைட்_டேட்ஸ்_ஆஸ்_டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற அமைப்பு ஜாக்சன் 2ல் இயல்பாகவே திறந்திருக்கும். ஸ்பிரிங் பூட் தன் மேப்பரில் அதை மூடிவிடுகிறது, கையால் செய்த மேப்பரில் மூட ஆள் இல்லை. பார்க்க அப்பாவி போல இருந்தாலும் இந்த அரே விஷமம் பிடித்தது. முகாம் நேரத்தை லோக்கல்டேட்டைம் (மண்டலம் இல்லாத தேதியும் நேரமும்) வகையில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் 22 காலை 9:30 என்றால் [2025,3,22,9,30] என்று ஐந்து உறுப்பு வரும். நொடியும் இருந்தால் ஆறு. நானோநொடியும் இருந்தால் ஏழு. நொடி பூஜ்யமாக இருந்தால் அதை எழுதாமல் விட்டுவிடும். எப்போதும் ஒரே எண்ணிக்கையில் உறுப்பு வரும் என்று நம்பி எழுதிய ஸ்கிரிப்ட், சோதனையின்போது ‘இப்போதைய நேரம்’ கொடுத்துப் பார்த்தால் ஏழுக்குப் பழகும், உண்மை முகாமில் ஐந்தைப் பார்த்துக் கவிழும். அப்புறம் மாதத்தைக் குறிக்கும் அந்த மூன்றை எடுத்து அப்படியே ஜாவாஸ்கிரிப்ட் டேட்டிடம் கொடுத்தால் ஏப்ரல் ஆகிவிடும். அங்கே மாதம் பூஜ்யத்தில் தொடங்குகிறது.

அந்த அமைப்பை மூடினேன். கையோடு, கையால் செய்த மேப்பரையே தூக்கிவிட்டு ஸ்பிரிங் கொடுப்பதையே அங்கேயும் பொருத்தினேன். ஒரே புரோகிராமுக்குள் இரண்டு மேப்பர் வைத்திருப்பது, ஒரு வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் வைத்திருப்பது மாதிரி. 2025 அக்டோபரில் வெளிவந்த ஜாக்சன் 3ல் ஜாவா டைம் ஆதரவு உள்ளேயே வந்துவிட்டது, அந்த அமைப்பும் இயல்பாக மூடியே இருக்கிறது. ஜாவா 8 வந்து பதினோரு ஆண்டு கழித்து, ஆனாலும் வந்தது.

முன்பக்கம் இன்னும் சிக்கலாக இருந்தது. காலண்டர் தருவது டேட் ஆப்ஜெக்ட். அதிலிருந்து பத்து எழுத்து வேண்டும். கை தானாக டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டப் போனது. வெட்டியிருந்தால் மறுபடி 14ஆம் தேதிதான். உள்ளூர் ஆண்டு, மாதம் கூட்டல் ஒன்று, நாள் என்று மூன்றையும் தனித்தனியே எடுத்து, இரண்டு இலக்கமாக நிரப்பி, கோடு போட்டு ஒட்டினேன். ஆறு வரி.

திரும்பப் படிக்கும் இடத்தில் அடுத்த குழி. 1956-03-15 என்ற ஸ்ட்ரிங்கை அப்படியே டேட்டிடம் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதே ஸ்ட்ரிங்கில் நேரத்தையும் சேர்த்து, மண்டலம் போடாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் வரலாறு என்பதைத் தவிர பதில் இல்லை. இந்தியாவில் யுடிசி நள்ளிரவு என்றால் அதே நாள் காலை 5:30, ஆகவே தேதி தப்பாது. நமக்குத் தெரியவே தெரியாது. எங்கள் உறுப்பினர்களில் பலரைப் பதிவு செய்தது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். குரோமின் டெவலப்பர் கருவியில் சென்சார்ஸ் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி அதே பதிவைத் திறந்தேன். மார்ச் 14. மகள் அங்கே உட்கார்ந்து அப்பாவின் பதிவில் வேறெதையாவது திருத்திச் சேமித்தால், இங்கேயும் மார்ச் 14 ஆகியிருக்கும்.

ஆகவே பிறந்த தேதியைப் பொறுத்தவரை டேட் ஆப்ஜெக்டுக்கே வீட்டுக்குள் இடமில்லை என்று முடிவு செய்தேன். ஸ்ட்ரிங்காகவே வரும், கோட்டில் வெட்டி மூன்று எண்ணாகக் காட்டும், ஸ்ட்ரிங்காகவே போகும். டெம்போரல் என்ற புதிய வசதியில் பிளெய்ன்டேட் என்றொரு வகை இதற்கென்றே இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் 2025ல் வந்தது. அறக்கட்டளைக் கணினிகளில் இருக்கும் பிரவுசர்களை நம்பி அதை இப்போதைக்குத் தொடவில்லை.

பழைய பதிவுகளைத் திருத்துவதுதான் நான் மிகவும் பயந்த வேலை. நேரப் பகுதியை மட்டும் எடுத்துக் குழுவாக எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலானவை 18:30. லேப்டாப் பட்டியல் 00:00. போர்க்காலத்தார் மூவர் 17:30. அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து பதிவானவை, பிறந்த தேதி கோடையா குளிரா என்பதைப் பொறுத்து 04:00 அல்லது 05:00. அப்புறம் கொஞ்சம் 16:30. அது எங்கே என்று விழித்தேன். சிங்கப்பூர் என்றால் +08:00, நள்ளிரவு 16:00 ஆகத்தானே வர வேண்டும்? அங்கேயும் வரலாறு. 1982 பிறக்கும் வரை சிங்கப்பூர் நேரம் +07:30. 1950களில் பிறந்த அம்மாவின் தேதியை சிங்கப்பூரில் இருக்கும் மகன் தொட்டால், அந்தக் காலத்து நள்ளிரவுதான் கணக்கு.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விதி எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது விதியில்தான் பொறி தட்டியது. இந்தப் பதிவுகள் எல்லாமே ஏதோ ஓர் ஊரின் நள்ளிரவு. கிழக்கே இருக்கும் ஊர் என்றால் யுடிசியில் முந்தைய நாளின் பிற்பகுதியில் விழும். மேற்கே என்றால் அதே நாளின் முற்பகுதியில். எது எந்த ஊர் என்று தெரிய வேண்டியதே இல்லை. பன்னிரண்டு மணி நேரத்தைக் கூட்டி, நேரப் பகுதியைத் தூக்கி எறிந்தால் போதும். 18:30 அடுத்த நாள் 06:30 ஆகும். 17:30, 05:30 ஆகும். 16:30, 04:30. மூன்றும் அடுத்த நாள், சரி. 04:00 அதே நாள் 16:00. 00:00 அதே நாள் 12:00. அதுவும் சரி. அருகிலிருக்கும் நள்ளிரவுக்கு முழுமையாக்குவது, அவ்வளவுதான். இது பொய்க்கும் இடம், +12ஐத் தாண்டும் ஊர்கள். நண்பகலை ஒட்டிய நேரத்தோடு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தேடினேன், ஒன்றும் இல்லை. ஒரே ஒரு எஸ்க்யூஎல் வரி. ஓட்டுவதற்கு முன் பழைய ஃபீல்டை வேறு பெயரில் அப்படியே விட்டுவைத்தேன், இன்னும் அது அங்கேயே இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

முகாம் நேரத்தில் வேறு விதமான கூத்து. அதற்கு முதலில் ஆஃப்செட்டோடு (யுடிசியிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்ற குறிப்போடு) கூடிய வகையைப் போட்டிருந்தேன். 22ஆம் தேதி 09:30, +05:30. சேமித்து, படித்து, டோக்கன் சீட்டில் அச்சடித்தால் காலை 04:00. ஜாக்சன் படிக்கும்போதே எல்லாவற்றையும் தன் மேப்பரின் மண்டலத்துக்கு மாற்றிவிடுகிறது, அது இயல்பாக யுடிசி. கணம் தப்பவில்லை, ஆனால் நான் எழுதிய +05:30 தொலைந்துவிட்டது. அட்ஜஸ்ட்_டேட்ஸ்_டு_கான்டெக்ஸ்ட்_டைம்_ஸோன் என்று ரயில் நீளப் பெயருள்ள அமைப்பை மூடினால் ஆஃப்செட் அப்படியே தங்கும். மூடிப் பார்த்தேன், தங்கியது. ஆனாலும் கடைசியில் அந்த வகையை விட்டுவிட்டேன். முகாம் என்பது மதுரையில் சுவர்க் கடிகாரம் ஒன்பதரை காட்டும்போது தொடங்குவது. உள்ளூர் நேரம் ஒரு ஃபீல்டு, மண்டலத்தின் பெயர் ஒரு ஃபீல்டு. பதிவு எப்போது நடந்தது, செய்தி எப்போது போனது போன்றவை மட்டும் உண்மையான கணங்கள். அவை இன்ஸ்டன்ட் வகையில், யுடிசியில், கடைசியில் இசட்டோடு.

அந்த இசட் பைத்தானில் ஒரு மாலையைத் தின்றது. என் லேப்டாப்பில் 3.12, சர்வரில் 3.10. டேட்டைம்.ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட் மெத்தட் 3.7லேயே வந்துவிட்டது, ஆனால் கடைசியில் இசட் இருந்தால் ஏற்றுக்கொள்வது 3.11 முதல்தான். சர்வரில் அத்தனை செய்தியும் வேல்யூஎரர். எழுதும் பக்கம், டைப்எரரைத் தவிர்க்க தம்பி டீஃபால்ட் என்ற இடத்தில், எதையும் ஸ்ட்ரிங்காக்கும் எஸ்டிஆரைக் கொடுத்திருந்தார். இணையத்தில் முதலில் கிடைக்கும் பதில் அது. அது டி எழுத்துக்குப் பதிலாக இடைவெளி விட்டு எழுதும், ஜாக்சன் அதைத் துப்பிவிடும். ஐஎஸ்ஓஃபார்மட்டைக் கொடுக்கச் சொன்னேன். அதிலும் மைக்ரோநொடி பூஜ்யமாக இருந்தால் புள்ளிக்குப் பின் எதுவும் எழுதாது, இல்லாவிட்டால் ஆறு இலக்கம். நீளம் நிலையானது என்று நம்பி வெட்டாதே என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

டோக்கன் சீட்டு அச்சடிக்கும் சிறிய ஜாவா கருவியில் ஜிசன் என்ற வேறொரு ஜேசன் லைப்ரரி இருந்தது. அதில் பழைய டேட் வகையை அமெரிக்கப் பாணியில், மாதப் பெயர், நாள், ஆண்டு, நேரம், ஏஎம் அல்லது பிஎம் என்று எழுதும். யார் இதை ஜேசனுக்கு ஏற்றது என்று நினைத்தார்களோ. ஜாவாவை 17லிருந்து 21க்கு ஏற்றியதும் சீட்டில் நேரம் காணாமல் போனது. எழுத்தைப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பைட் பைட்டாகப் பார்த்தபோதுதான், ஏஎம்முக்கு முன்னால் இருந்த இடைவெளி சாதாரண இடைவெளி இல்லை என்று தெரிந்தது. ஜாவா 20 முதல் வந்த புதிய மொழித் தரவில் அந்த இடத்தில் யூனிகோடு 202எஃப், குறுகிய பிரியா இடைவெளி. சாதாரண இடைவெளியை வைத்து வெட்டிக்கொண்டிருந்த என் பழைய வரிக்கு அது கண்ணில் படவில்லை. லோக்கல்டேட்டைமைக் கொடுக்கலாம் என்றால் எங்களிடம் இருந்த ஜிசன் பதிப்புக்கு அது தெரியாது. ரிஃப்ளெக்‌ஷனில் உள்ளே நுழையப் பார்த்து, ஜாவா கதவைச் சாத்திவிட்டதால் விழுந்துவிடும். இந்த வகையை எப்படி எழுதுவது என்று சொல்லும் டைப்அடாப்டர் ஒன்றைப் பத்து வரியில் எழுதி முடித்தேன்.

சோதனைகளை இப்போது ஒவ்வொரு முறையும் மூன்று மண்டலங்களில் ஓட்டுகிறோம்: யுடிசி, கொல்கத்தா, நியூயார்க். ஒவ்வொன்றிலும் 1956-03-15, 1943-07-12 இரண்டும் போய்த் திரும்பி, எழுத்து மாறாமல் வர வேண்டும். கூடவே 2024 டிசம்பர் 30ஐயும் சேர்த்தேன். சீட்டின் வடிவ ஸ்ட்ரிங்கில் ஆண்டுக்குச் சிறிய ஒய் போடுவதற்குப் பதில் பெரிய ஒய் போட்டிருந்தோம். அது வாரக் கணக்கின் ஆண்டு, அந்த நாளை 2025 என்று சொல்லும். ஆண்டு மாறுவதை ஒட்டிய சில நாட்களைத் தவிர வேறு எப்போதும் மாட்டாது. அதையும் பிடித்தாயிற்று.

ஜூலை 12 காலை எட்டு மணிக்கு லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 8:00:02க்குச் செய்தி போனது. போர்க்காலத்து மூவரில் முதலாமவர், எண்பத்திரண்டு முடிகிறது. எட்டரைக்கு அறக்கட்டளையிலிருந்து போன் வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“சார், அவர் பேசினார். சந்தோஷமா நன்றி சொன்னார்.”

“அப்பாடா.”

“ஆனா அது பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியாம். அவர் பொறந்தது ஐப்பசி மாசம்னு அவங்க அம்மா சொல்வாங்களாம். மாத்த முடியுமான்னு கேக்குறார்.”